தில்லியும் சென்னையும்: தூரமும் காலமும்

தில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்ற வினாவுக்கு விடை ஒன்றன்று. வான்வழியே நேராக அளந்தால் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். ஆக்ரா, ஜான்சி, போபால், நாகபுரி, விஜயவாடா என வளைந்து செல்லும் இருப்புப்பாதையிலோ ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தூரம் இவ்வாறு நிலைத்திருக்க, அதைக் கடக்க ஆகும் காலமோ சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வரலாறும் அதனோடு பின்னிக் கிடக்கிறது.

காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையிலான பாதை 1929ஆம் ஆண்டில் நிறைவுற்றதனால், நாகபுரி வழியாகத் தலைநகருக்குச் செல்லும் நெடுவழி திறந்தது. அதே ஆண்டில் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், பிற்காலத்தில் தில்லிக்கும் சென்னைக்கும் உரிய வண்டியாயிற்று. அலுவல் நாடி வடக்கே வந்த தமிழர் பலர் அதில் வந்தவர்களே.

வானவழியோ, முதலில் மனிதருக்காக அன்று, கடிதங்களுக்காகவே ஏற்பட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றை எடுத்துக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார்.

சுதந்திரத்துக்குப் பின், 1949 சனவரி 30 அன்று இரவு விமானத் தபால் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் நடுவில் அமைந்தது நாகபுரி. நான்கு திசைகளிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் அங்கே ஒன்றுகூடித் தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடியலில் தத்தம் நகருக்குத் திரும்பும். கடிதங்களைக் கூடுதல் கட்டணமின்றி விமானத்தில் அனுப்பும் திட்டமும் அவ்வாண்டே வந்தது. அப்போது தபால் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ரஃபி அகமது கித்வாய். இரயிலில் இரண்டு நாள் பயணம் செய்த கடிதம் ஓர் இரவிலேயே வந்து சேர்ந்தது.

ஆயினும், கடிதத்துக்குக் கிடைத்த விரைவு அதைப் படித்தவருக்குக் கிடைக்கவில்லை. தாயின் உடல்நிலை கவலைக்கிடம் என்னும் தந்தி சில மணி நேரத்தில் வந்துவிடும். மகன் ஊர் போய்ச் சேர இரண்டு இரவுகள் கழியும். அவன் வருமுன்னே ஈமக் கடன்கள் முடிந்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. விமானம் இருந்தது, அதன் கட்டணம் எழுத்தரின் ஊதியத்துக்கு எட்டவில்லை.

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. 1957இல் வைக்கவுண்ட் விமானங்களும், 1964இல் கேரவல் ஜெட் விமானங்களும் உள்நாட்டுப் போக்குவரத்தில் சேர்ந்தன. இன்று தில்லியிலிருந்து சென்னைக்கு நேரே பறக்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. 1976இல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கோ இன்றும் ஓர் இரவும் ஒரு பகலும் போதா.

ஆகவே, ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்பவருக்கு இக்காலத்திலும் இரண்டு விடைகள் உண்டு. விமானச் சீட்டு வாங்க இயன்றவருக்குச் சென்னை ஒரு முற்பகல் தூரம்; இயலாதவருக்கு அது ஒன்றரை நாள் தூரம். அவசரச் செய்தி மட்டும் இருவருக்கும் ஒரே நொடியில் வந்து சேர்கிறது.