ஆழ்ந்த உறக்கம்: மாத்திரை கேட்பதற்கு முன் அறிய வேண்டியவை

இரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து பெற வருவோர் பலர், எழுந்து செல்லும் வேளையில், "தூக்கத்திற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது புறநோயாளிகள் பிரிவில் அன்றாட நிகழ்வு. அவர்களின் துன்பம் உண்மையானது. ஆனால் தூக்க மாத்திரை உங்களை உறங்கச் செய்யுமே தவிர, உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளும் ஆழ்ந்த உறக்கத்திற்கு ஈடாகாது. ஆழ்ந்த உறக்கத்தைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க இயலாது. அது வருவதற்கான வழியை ஒழுங்குபடுத்தலாம்; அதைக் கலைக்கும் காரணத்தைக் கண்டறிந்து நீக்கலாம். இவ்விரண்டையும் எவ்வாறு செய்வது என்பதை நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

ஆழ்ந்த உறக்கம் என்றால் என்ன?

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு நிலை உறக்கம் என்று மாறிமாறி அமையும் ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீடிக்கும். ஓர் இரவில் இத்தகைய சுற்றுகள் நான்கு முதல் ஆறு வரை நிகழும்.

ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையின் மின்னலைகள் மெதுவாகவும் பெரிதாகவும் மாறுகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிகின்றன. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. தசைகளும் திசுக்களும் சீரடைகின்றன. பகலில் கற்றவை நினைவில் பதிவதற்கும் இவ்வுறக்கம் துணைபுரிகிறது. இந்நிலையில் உள்ளவரை எழுப்புவது கடினம்; எழுப்பினாலும் சில நிமிடங்கள் தடுமாற்றத்துடனேயே இருப்பார்.

ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே நிகழ்ந்துவிடுகிறது. விடியற்காலையை நெருங்க நெருங்கக் கனவு நிலை உறக்கமே மிகுதியாகும். ஆகவே, உறங்கத் தொடங்கிய முதல் மூன்று, நான்கு மணி நேரம் இடையூறின்றி அமைவது மிகவும் முக்கியம்.

எவ்வளவு உறக்கம் தேவை?

• 6 முதல் 12 வயது வரை: 9 முதல் 12 மணி நேரம்
• 13 முதல் 18 வயது வரை: 8 முதல் 10 மணி நேரம்
• 18 முதல் 60 வயது வரை: குறைந்தது 7 மணி நேரம்
• 65 வயதிற்கு மேல்: 7 முதல் 8 மணி நேரம்

இளம் வயதினருக்கு இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழ்ந்த உறக்கமாக அமையும். வயது கூடக்கூட அப்பங்கு இயல்பாகவே குறையும். முதியவர் ஒருவர் இரவில் ஓரிரு முறை விழித்து, மீண்டும் உறங்கி, பகலில் தெளிவாக இருந்தால், அதை நோயாகக் கருத வேண்டியதில்லை.

கைக்கடிகாரக் கருவிகள் காட்டும் "ஆழ்ந்த உறக்கம்" என்ற எண்ணைக் கண்டு கலங்காதீர்கள். அவை உடல் அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு கணிப்பவை; மூளையின் மின்னலைகளை அளப்பவை அல்ல. பகலில் நீங்கள் எவ்வாறு இருக்கிறீர்கள் என்பதே அதைவிட நம்பத்தக்க அளவுகோல்.

உறக்கத்தை உண்டாக்கும் இரு ஏற்பாடுகள்

முதலாவது, உறக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேர உறக்கத்தின் தேவையும் ஆழமும் கூடுகின்றன. மாலையில் இரண்டு மணி நேரம் உறங்கியவருக்கு இரவில் ஆழ்ந்த உறக்கம் வராததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, உடற்கடிகாரம். மூளையின் உள்ளே இருக்கும் இக்கடிகாரம் கண்ணில் படும் ஒளியைக் கொண்டு நேரத்தை அறிகிறது. இருள் சூழும்போது மெலடோனின் சுரந்து உடலை இரவுக்கு ஆயத்தப்படுத்துகிறது. இரவில் வெளிச்சம் மிகுந்தால் இச்சுரப்பு தடைபடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விழிக்கும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். உறங்கச் செல்லும் நேரத்தைவிட எழும் நேரமே முக்கியம். முந்தைய இரவு சரியாக உறங்காவிட்டாலும், விடுமுறை நாளாயினும், அதே நேரத்தில் எழுங்கள்.

2. காலை வெயிலில் அரை மணி நேரம் இருங்கள். வாசல் தெளிப்பது, நடைப்பயிற்சி செய்வது, பேருந்து நிறுத்தம் வரை நடப்பது என எதுவாயினும் போதும்.

3. பகலில் உடலை இயக்குங்கள். ஒழுங்கான உடலுழைப்பு ஆழ்ந்த உறக்கத்திற்குத் துணைநிற்கும். கடினமான பயிற்சிகளை உறங்கும் நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

4. பகல் உறக்கம் தேவையெனில், பிற்பகல் 3 மணிக்கு முன்பாக 20 முதல் 30 நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

5. பிற்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள். காஃபின் அடினோசினின் செயலைத் தடுக்கிறது. பலருக்கு அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மாலை 6 மணிக்குப் பருகிய காபியின் காஃபினில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும்.

6. மதுவை உறக்க மருந்தாகக் கொள்ளாதீர்கள். அது விரைவில் கண்ணயரச் செய்தாலும், இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைத் துண்டாடும். குறட்டையையும் மூச்சுத்தடையையும் கூட்டும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றிலுள்ள நிகோடினும் விழிப்பைத் தூண்டும்.

7. இரவு உணவை உறங்குவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

8. உறங்கும் இடம் இருளாகவும், அமைதியாகவும், காற்றோட்டமாகவும் இருக்கட்டும். உடலின் வெப்பம் சற்றுத் தணியும்போதுதான் உறக்கம் ஆழமாகும். கோடைக்காலத்தில் உறங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளிப்பது உதவும். சன்னலைத் திறந்து வைத்துக் கொசுவலை பயன்படுத்துங்கள்.

9. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைப்பேசியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

10. ஏறத்தாழ 20 நிமிடங்கள் கழித்தும் உறக்கம் வரவில்லையெனில் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஒன்றைச் செய்து, கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்த்து மணி எண்ணுவதைத் தவிருங்கள்.

இவற்றின் பயன் ஓரிரவில் தெரியாது. குறைந்தது மூன்று, நான்கு வாரங்கள் விடாமல் கடைப்பிடியுங்கள்.

உறக்கத்தைக் கலைக்கும் நோய்கள்

மேற்கண்டவற்றைக் கடைப்பிடித்தும் பயனில்லையெனில், காரணம் உடலிலோ மனத்திலோ இருக்கலாம்.

• உறக்க மூச்சுத்தடை: உரத்த குறட்டை, இடையே மூச்சு நின்று திணறலுடன் மீளுதல், காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒவ்வொரு முறையும் மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ தடைபடுவதால் ஆழ்ந்த உறக்கம் குலைகிறது. இது உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும். குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாக எண்ணிவிடாதீர்கள். உறக்க ஆய்வு மூலம் இதை உறுதிசெய்யலாம். உடல் எடைக் குறைப்பு, மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி முதலிய பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன.

• இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல்: கட்டுப்படாத சர்க்கரை நோய், ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம், மாலையில் உட்கொள்ளும் நீர்நீக்கி மாத்திரை ஆகியவை காரணமாகலாம். மாத்திரையின் நேரத்தை நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

• கால் அமைதியின்மை: படுத்தவுடன் கால்களில் இனம்புரியாத குறுகுறுப்பும், அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உந்துதலும் தோன்றும். இரும்புச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணம் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை.

• மனச்சோர்வும் பதற்றமும்: அதிகாலையிலேயே விழித்து, மீண்டும் உறங்க இயலாமல், எதிலும் நாட்டமின்றி இருப்பது மனச்சோர்வின் அறிகுறியாகலாம்.

தூக்க மாத்திரை குறித்து

அல்பிரசோலம், டயசெபாம் போன்ற மாத்திரைகள் உறங்கும் நேரத்தைக் கூட்டினாலும் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கைக் குறைக்கின்றன. சில வாரங்களிலேயே உடல் அவற்றுக்குப் பழகி, அதே அளவு போதாமற்போகும். முதியவர்களுக்கு மறதியும், இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயமும் உண்டு. மூச்சுத்தடை உள்ளவருக்கு இவை அந்நிலையை மோசமாக்கலாம். சளி மாத்திரையைத் தூக்கத்திற்காகப் போடும் பழக்கமும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கலாம்.

மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். அடுத்தவருக்கு எழுதித் தந்ததைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். நெடுநாள் உட்கொண்டு வருபவர் திடீரென நிறுத்தவும் கூடாது. அதனால் வலிப்புகூட வரக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, உறக்கம் சார்ந்த எண்ணங்களையும் பழக்கங்களையும் சீரமைக்கும் உளவியல் சிகிச்சையே.

நோயாளியைக் கவனித்துக்கொள்வோருக்கு

படுக்கையில் இருப்பவரை இரவெல்லாம் கவனிப்பவரின் உறக்கம் ஒவ்வொரு மணி நேரமும் கலைகிறது. மொத்தமாக ஆறு மணி நேரம் உறங்கியிருந்தாலும் ஆழ்ந்த உறக்கம் கிட்டியிருக்காது. மறதி, எரிச்சல், மருந்தளவில் பிழை ஆகியன இதன் விளைவுகள்.

வீட்டில் இருவர் இருப்பின், "இன்று நான், நாளை நீ" என்றோ, முன்னிரவு ஒருவர் பின்னிரவு ஒருவர் என்றோ முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் தொடர்ச்சியான உறக்கம் கிடைக்க வேண்டும். முறையில் இல்லாதவர் வேறு அறையில் உறங்கட்டும். ஒருவரே இருப்பின், இரவு மருந்துகளை ஒரே வேளையில் கொடுக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உதவி கேட்பதைக் கடமை தவறுவதாகக் கருத வேண்டாம். நீங்கள் உறங்கினால்தான் அவரை நன்கு கவனிக்க முடியும்.

மறதிநோய் உள்ளவரைப் பகலில் வெளிச்சத்தில் அமர்த்துங்கள். பேச்சுக் கொடுத்து விழித்திருக்கச் செய்யுங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் மங்கலான விளக்கொன்று எரியட்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் உறக்கமின்மை மூன்று மாதம் நீடித்தால்
• உறக்கத்தில் மூச்சு நின்று மீள்வதை வீட்டார் கண்டால்
• வாகனம் ஓட்டும்போதோ வேலையிலோ கண்ணயர்ந்தால்; மருத்துவரைக் காணும்வரை வாகனம் ஓட்டாதீர்கள்
• படுத்தால் மூச்சுத்திணறி, எழுந்து அமர வேண்டியிருந்தால். இதற்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்
• வாழ்வில் வெறுப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால். உடனே டெலி மனாஸ் இலவச உதவி எண் 14416-ஐ அழையுங்கள்

மருத்துவரிடம் வருமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் படுத்த நேரம், விழித்த நேரம், இரவில் எழுந்த முறைகள், பகல் உறக்கம், பருகிய காபி, உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உங்கள் குறட்டையைப் பற்றிச் சொல்லக்கூடியவரை உடன் அழைத்து வாருங்கள். உறக்கம் கெடுவதற்கான காரணத்தை அறிய, பல வேளைகளில் அக்குறிப்பேடும் அவர் கூறும் விவரமுமே முதற்படியாக அமையும்.