பாரம் சுமந்த வில்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்ந்து எழுதியோர் பலர். அத்துறையில் இறங்கிய பண்டங்களை ஊர்களுக்குச் சுமந்து சென்ற லொறிகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்றாக இத்துறைமுகம் விளங்கிற்று. சீனன்குடாவிலே ஏறத்தாழ 100 எண்ணெய்த் தாங்கிகள் போருக்கு முன்னரே எழுப்பப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒரு தாங்கி தீக்கிரையாயிற்று. இத்தகைய தளத்துக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிப் பறிக்க இராணுவ லொறிகள் ஓய்வின்றி ஓடின. போர் முடிந்தபின் படைகள் கழித்துவிட்ட லொறிகள் தனியார் கைக்கு வந்து, விறகும் நெல்லும் மீனும் ஏற்றத் தொடங்கின. மூன்று தொன் தாங்கவென அமைந்த வண்டியில் ஐந்து தொன் ஏற்றுவது அக்காலத்தில் புதுமையன்று. அதற்குரிய தண்டனையை முதலில் பெற்றவை அவற்றின் வில்லுப் பட்டைகளே.

நீண்ட பட்டையின்கீழ் அதனிலும் குறுகிய பட்டை, அதன்கீழ் இன்னும் குறுகியது எனப் பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவே ஓர் ஆணியால் பிணைத்ததே லொறியின் வில். குதிரை வண்டிகளிலிருந்து மோட்டார் வண்டிகளுக்கு வந்த மிகப் பழைய உறுப்புகளுள் இதுவும் ஒன்று. அளவிறந்த பாரம் நெடுங்காலம் அழுத்தினால் எஃகு தன் வளைவை மெல்ல மறந்துவிடுகிறது; வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்கும். கடற்காற்றோ இன்னொரு பகை. உப்பீரம் பட்டைகளுக்கு இடையே புகுந்து துருவேற்றி, கனத்தை அரித்துவிடும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆதலால் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இதனை அறியாத உரிமையாளர் வளைவை மட்டும் மீட்டால் போதும் என்று எண்ணுவர்.

1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு மாறியது. அங்கு தொழில்பார்த்தோர் பலர் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில் புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது கொல்லனின் துருத்தியே லொறிக்காரருக்குக் கதியாயிற்று. பின்னர் வந்த உள்நாட்டுப் போரும் அந்நிலையை எளிதாக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரை, பழைய வண்டியைக் காப்பதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

கொல்லர் வேலை எளிதன்று. வில்லைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, முதலில் விரிசல் தேடுவர். நடு ஆணியின் துளையிலும் கண் வளைவின் அடியிலுமே அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். விரிசல் கண்ட பட்டையைத் தீயிலிட்டு அடிப்பது வீண். வீண் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். பிரதான பட்டை ஓட்டத்தில் முறிந்தால் அச்சு நிலைபெயர்ந்து, வண்டி சாலையைவிட்டு இழுத்துவிடும். ஓட்டுநரின் உயிர் அந்த ஒரு பட்டையில் தொங்குகிறது.

நல்ல பட்டையைச் சிரட்டைக்கரி உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, தரையில் வரைந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒப்ப வளைத்து, எண்ணெயில் தோய்ப்பர். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும். தோய்த்தபடியே விட்டாலும் கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே மீண்டும் அளவாகச் சூடேற்றித் துவளச் செய்யவேண்டும். அச்சூட்டை அளக்கக் கருவியில்லாத பட்டறைகளில், உலர்ந்த மரக்குச்சியைப் பட்டையில் தேய்த்து, அது கருகிப் பொறிவிடும் பக்குவத்தைக் கண்டு நிறுத்துவது பழைய வழக்கம். இந்த இரண்டாம் சூட்டை விட்டுவிடும் பட்டறைகளும் உண்டு. அவை திருத்திய வில் சில வாரங்களிலே மறுபடி சாயும், அல்லது முறியும்.

குறுகிய பட்டை ஒவ்வொன்றும் நெடிய பட்டையைவிடச் சற்றே மிகுதியாக வளைந்திருத்தல் வேண்டும். நடு ஆணியை முடுக்கும்போது அவை ஒன்றையொன்று இறுகத் தழுவும். அந்த முன்னிறுக்கமே பிரதான பட்டையின் சுமையைக் குறைக்கிறது. இந்நுட்பத்தை விடுத்து, மேலும் ஒரு பட்டையைச் செருகிவிடுமாறு கேட்போரே மிகுதி. வண்டி நிமிரும் என்பது மெய்தான். ஆனால் வில் விறைத்து, அதிர்ச்சியெல்லாம் சட்டத்துக்கு ஏறும். உரிமையாளரோ இன்னும் ஒரு தொன் ஏற்றத் துணிவார்.

பூட்டியபின் வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளப்பர். பின்னர் பாரமேற்றி மீண்டும் அளப்பர். முதற் பயணம் முடிந்து வண்டி திரும்பியதும் பட்டைகள் படிந்து பிணைப்பாணிகள் தளர்ந்திருக்கும். அவற்றை மறுபடி முடுக்கிய பின்னரே கூலியைக் கணக்குத் தீர்ப்பர்.