முழமும் கஜமும்: தமிழகத் துணி அளவை மரபில் அதிகார இடமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

துணியை நீளத்தால் அளந்து விற்கும் வழக்கம் இயல்பானதாகவும் சார்பற்றதாகவும் தோன்றினும், அதற்கொரு வரலாறு உண்டு. சோழமண்டலக் கடற்கரை வணிகம் முதல் மீட்டர் முறை வரையிலான காலத்தில் துணி அளவைகள் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வோர் அளவை மாற்றத்தின்போதும், துணியின் நீளம் குறைவு எனத் தீர்மானிக்கும் உரிமை கைமாறியது என்பதும், அதன் விளைவை நெய்தவரே பெரிதும் ஏற்க நேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

முக்கியச் சொற்கள்: முழம், கோவிட், கஜம், துண்டு, பாவு, நெசவாளர், மீட்டர்.

முன்னுரை

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் சில அதன் பொருளையோ நிறத்தையோ சுட்டாமல், அது வெட்டப்பட்டதைச் சுட்டுகின்றன. 'அறு' என்னும் வினையடியிலிருந்து 'அறுவை' பிறந்தது. 'துணி' என்பதும் துணிக்கப்பட்டது என்னும் பொருளுடையது. 'துண்டு' இன்றும் தோளில் இடும் ஆடைக்குப் பெயராக வழங்குகிறது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனத் தம் தொழிலால் அறியப்படுகிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் காட்டுகிறது. தறியிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட ஒரு முழுத்துண்டே வணிகத்தின் அலகாக இருந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன. இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் தறியிறை, தறிக்கடமை முதலிய வரிகளும் நெய்த நீளத்தின்மேல் அல்லாமல் தறியின்மேல் விதிக்கப்பட்டவை. நீளம் எப்போது, எவர் பொருட்டுக் கணக்கிற்குரிய பொருளாயிற்று என்னும் வினா இங்கு எழுகிறது.

உடல்வழி அளவைகள்

விரல், சாண், முழம் என்பன தமிழரின் நீட்டலளவையில் அடிப்படையானவை. பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நிலத்தை அளக்கப் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் முதலியன பயன்பட்டன. சில கோயில்களின் சுவர்களில் அளவுகோலின் நீளம் பொறிக்கப்பட்டிருப்பது, நில அளவைக்கு ஊரறிந்த சான்று தேவைப்பட்டதைக் காட்டுகிறது. துணிக்கோ முழங்கையே கோலாக இருந்தது. முழங்கை முனை முதல் நடுவிரல் நுனி வரையிலான நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனினும் உடுத்தும் ஆடையைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெருஞ்சிக்கலாக அமையவில்லை. வேட்டியும் சேலையும் உடலைச் சுற்றி உடுத்தப்படுபவை. சில விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் ஆடை பயனற்றுப் போவதில்லை. வாங்குபவர் ஒரு முழு ஆடைக்கு விலை தந்தாரேயன்றி, நீளத்தின் ஒவ்வோர் அலகுக்கும் விலை தரவில்லை.

பண்டகசாலையில் துணியின் நீளம்

ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் வருகையால் இந்நிலை மாறியது. போர்ச்சுகீசியச் சொல்லான 'கோவாதோ'விலிருந்து வந்த 'கோவிட்' என்னும் அளவை கீழைக் கடல் வணிகத்தில் பரவியது. இடத்துக்கு இடம் வேறுபட்ட இவ்வளவை சென்னையில் 18 அங்குலமாகக் கொள்ளப்பட்டது. அதாவது, ஒரு முழம் ஆங்கிலேயரின் கஜத்தில் சரிபாதியாக நிறுத்தப்பட்டது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பெருமளவில் வாங்கிய 'லாங் கிளாத்' என்னும் நீண்ட துணி ஏறத்தாழ 70 முதல் 72 கோவிட், அதாவது 35 முதல் 36 கஜம் நீளமுடையது. அதன் தரம் 'புஞ்சம்' எனப்பட்ட பாவுநூல் தொகுதிகளின் எண்ணிக்கையால் குறிக்கப்பட்டது. இவ்வாறு நீளம், அகலம், நூலின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் கூறுகளாயின.

இத்தேவைக்காகவே நெசவாளர்களை நகரின் அருகில் குடியேற்றும் முயற்சிகளும் நிகழ்ந்தன. ஆளுநர் ஜோசப் காலட் காலத்தில் அமைந்த காலாடிப்பேட்டையும், 1734ஆம் ஆண்டு ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் தொடங்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையும் இதற்குச் சான்றுகள். துணி வெளுப்போர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும் இவ்வணிகத்தோடு பிணைந்த பெயரே.

முன்பணம் பெற்று நெய்த துணி பண்டகசாலைக்கு வந்ததும், மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டது. அளவிலோ நெருக்கத்திலோ குறைந்த துணி கீழ்த்தரத்தில் சேர்க்கப்பட்டது. அல்லது திருப்பி அனுப்பப்பட்டது. ஏற்றுமதிக்கென அமைந்த நீளமும் அகலமும் உள்ளூரில் உடுத்துவோர்க்கு ஏற்றவையல்ல. ஆதலால் திருப்பி அனுப்பப்பட்ட துணிக்கு எளிதில் வேறு வாங்குவோர் கிடைக்கவில்லை. 36 கஜத் துணியில் அரைக் கஜம் குறைந்தால் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவான வேறுபாடே. ஆயினும் அக்குறைவு துணி முழுவதையும் தரமிறக்கப் போதுமான காரணமாக முடியும். அளவைக்கும் கூலிக்கும் இடையே விகிதமற்ற ஓர் உறவு இவ்வாறு உருவாயிற்று.

அளக்கும் இடமும் இழப்பின் பங்கும்

துணியின் நீளம் நிலையான ஒன்றன்று. பாவோடும்போதே நெசவாளர் நீளத்தை வரையறுத்துவிடுகிறார். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது நூல் இழுவையில் இருக்கிறது. தறியில் ஊடைநூல் குறுக்கே செல்லச் செல்லப் பாவுநூல் அதன் மேலும் கீழுமாக வளைவதால், நெய்த துணி பாவைவிடக் குறுகும். தறியிலிருந்து அறுத்தபின் இழுவை நீங்கி மேலும் சற்றுக் குறுகும். சலவையில் கஞ்சி நீங்கும்போது மீண்டும் அளவு மாறும். எனவே பாவின் நீளம், தறியில் உள்ள நீளம், அறுத்த துணியின் நீளம், வெளுத்த துணியின் நீளம் என ஒரே துணிக்கு நான்கு நீளங்கள் உண்டு.

இவற்றுள் எதனை 'உண்மையான நீளம்' எனக் கொள்வது என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. துணி எந்நிலையில் அளக்கப்படுகிறதோ, அதற்கு முன் ஏற்பட்ட சுருக்கம் முழுவதும் கொடுப்பவரின் இழப்பு; அதற்குப் பின் ஏற்படுவது பெறுபவரின் இழப்பு. அளக்கும் முறையிலும் இதே நிலை உள்ளது. துணியைத் தளர்த்தி அளந்தால் நீளம் குறையும். இழுத்து அளந்தால் கூடும். வாங்குமிடத்தில் தளர்த்தியும் விற்குமிடத்தில் இழுத்தும் அளக்கும் வணிகர், கோலில் ஒரு நூலிழையும் மாற்றாமல் இருமுறை பயன்பெற இயலும். கோலின் நேர்மை அளவையின் நேர்மைக்கு உறுதியளிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

துண்டே நாணயமாதல்

நீளம் எத்துணை பொருளியல் ஆற்றல் பெற்றது என்பதற்குப் புதுச்சேரி ஓர் எடுத்துக்காட்டு. அங்கு அவுரி தோய்த்து ஆயத்தமான 'கினி' எனப்படும் நீலத்துணி, பிரெஞ்சு வணிகர் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுப் பகுதிக்குச் சென்றது. அங்கு நடந்த வேலம்பிசின் வணிகத்தில் ஒரு துண்டு நீலத்துணியே மதிப்பின் அலகாக வழங்கியது. பிசினின் விலை இத்தனை துண்டு எனப் பேசப்பட்டது. துணி நாணயமாகும்போது, நீளம் குறைந்த துண்டு எடை குறைந்த காசுக்கு ஒப்பாகிறது. ஆதலின் துண்டின் நீளத்தையும் எடையையும் வரையறுக்கப் பிரெஞ்சு ஆட்சி முற்பட்டது. புதுச்சேரியின் சாயத்தொட்டியில் தோய்ந்த துணியின் அளவு, கடல் கடந்த ஒரு சந்தையின் நம்பகத்தன்மையைத் தாங்கி நின்றது.

கஜம்: சொல்லும் சட்டமும்

'கஜம்' என்பது பாரசீக மொழியின் 'கஸ்' என்னும் சொல்லின் வழிவந்தது. அது ஒரே நீளத்தைக் குறித்ததில்லை. வங்காளத்தில் 36 அங்குலமாகவும் பம்பாயில் 27 அங்குலமாகவும் வழங்கியது. வட இந்திய நில அளவையில் 'இலாகி கஸ்' 33 அங்குலமாக ஆங்கிலேயரால் நிறுவப்பட்டது. இச்சொல்லே தமிழில் ஆங்கில 'யார்டு' என்பதற்குரிய பெயராயிற்று.

1889ஆம் ஆண்டின் நீள அளவுகள் சட்டம் பிரித்தானியப் பேரரசின் கஜத்தைப் பிரித்தானிய இந்தியாவின் சட்டபூர்வமான நீள அளவாக்கியது. அதே ஆண்டின் இந்திய வணிகக் குறிகள் சட்டம், துணியின் மேல் பொய்யான நீளம் குறிக்கப்படுவதைத் தடுக்க முனைந்தது. தொழிற்சாலையில் நெய்யப்படும் துண்டுத்துணிகளின் மீது அவற்றின் உண்மையான நீளத்தைக் கஜத்தில் எண்ணால் முத்திரையிட வேண்டும் என்பது இச்சட்டவழி வந்த விதி. ஆலைத்துணி இதனால் தன் நீளத்தைத் தானே அறிவிக்கும் பொருளாயிற்று. ஆலைகளில் துணியை ஒரு கஜ மடிப்புகளாக அடுக்கும் இயந்திரமும் இதற்குத் துணைநின்றது. மடிப்பை எண்ணினால் நீளம் தெரிந்துவிடும். தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் அடங்காத வீட்டுத்தறியின் துணி இம்முத்திரையைப் பெறவில்லை. முத்திரையுள்ள துணியின் அருகில் முத்திரையற்ற துணி வைக்கப்பட்டபோது, பின்னதன் நீளத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவர் மேல் விழுந்தது.

தையல் இயந்திரத்தின் பரவலும் கஜத்தை வேரூன்றச் செய்தது. சட்டை, ரவிக்கை முதலியன முழு ஆடையாக வாங்கப்படுவன அல்ல. வேண்டிய அளவு வெட்டி வாங்கப்படுவன. உடுத்தும் துணிக்குச் சில விரற்கடைக் குறைவு பொருட்டன்று. தைக்கும் துணிக்கு அதுவே கையின் நீளத்தைக் குறைத்துவிடும். எனவே உடுத்துவதற்கு முழம், தைப்பதற்குக் கஜம் என வழக்கு பிரிந்தது. ஒரு கஜம் இரண்டு முழத்துக்குச் சமமாக இருந்ததால் இரண்டும் மோதலின்றி ஒரே கடையில் புழங்கின.

மீட்டர் முறையும் எஞ்சிய பெயர்களும்

1956ஆம் ஆண்டின் எடைகள் மற்றும் அளவுகளின் தரநிலைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்து 1962இல் பொதுவழக்காயிற்று. 1957 ஏப்ரலில் பதின்ம நாணய முறையும் வந்திருந்தது. கஜம் 0.9144 மீட்டர், அதாவது மீட்டர் கஜத்தைவிட நூற்றுக்கு 9.36 பங்கு நீளமானது. கஜம் ஒரு ரூபாய்க்கு விற்ற துணிக்கு மீட்டர் விலை 1.09 ரூபாய் என வரும். இதனைப் பத்துக் காசாக முழுமையாக்கினால் விற்பவர்க்கும், எட்டுக் காசாக்கினால் வாங்குபவர்க்கும் ஆதாயம். கோலும் காசும் அடுத்தடுத்து மாறிய காலத்தில் இச்சிறு வேறுபாட்டைக் கண்டறிவது எழுத்தறிவும் கணக்கறிவும் உடையோர்க்கே எளிதாயிருந்தது.

இன்றைய வழக்கை நோக்குங்கால் ஒரு முரண் புலப்படுகிறது. 18 அங்குல முழப்படி நான்கு முழ வேட்டி 1.83 மீட்டரும், எட்டு முழ வேட்டி 3.66 மீட்டரும் இருத்தல் வேண்டும். கடைகளில் நான்கு முழம் 2 மீட்டராகவும் எட்டு முழம் 3.6 மீட்டராகவும் அச்சிட்டு விற்கப்படுவதைப் பரவலாகக் காணலாம். முன்னது கூடியும் பின்னது குறைந்தும் உள்ளது; எட்டு, நான்கின் இருமடங்காகவும் இல்லை. ஆறு கஜச் சேலை 5.5 மீட்டர் என்பது ஏறத்தாழப் பொருந்துகிறது. ரவிக்கைத் துணியோடு சேர்ந்தால் அது 6 மீட்டரைக் கடக்கிறது. ஒன்பது கஜம் என்பது மடிசார் கட்டும் சேலையின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆகவே முழமும் கஜமும் இவ்விடங்களில் நீளத்தின் அலகுகள் அல்ல. ஆடை வகைகளின் பெயர்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவையியல் சட்டம் தரப்படுத்திய அலகுகளிலேயே விலையும் அளவும் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. அச்சிட்ட மீட்டர் சட்டத்துக்கும், வாய்மொழி முழம் உடுத்தும் மரபுக்கும் உரியனவாய் ஒரே துணியில் இணைந்து நிற்கின்றன.

முடிவுரை

துண்டிலிருந்து கோவிட்டுக்கும், கோவிட்டிலிருந்து கஜத்துக்கும், கஜத்திலிருந்து மீட்டருக்கும் நகர்ந்த வரலாறு துல்லியத்தின் வளர்ச்சி மட்டுமன்று. நெய்தவர் கைவசமிருந்த அளவை பண்டகசாலைக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும் ஆலைக்கும் இடம்பெயர்ந்தது. பொது அளவை, வாங்குவோரை ஏமாற்றத்திலிருந்து ஓரளவு காத்தது என்பது மறுக்கற்பாலதன்று. ஆனால் துணி எந்நிலையில் அளக்கப்பட வேண்டும், சுருக்கத்தின் இழப்பு எவரைச் சாரும் என்னும் வினாக்களுக்குக் கோலின் நீளத்தை வரையறுப்பது மட்டும் விடையாகாது. துணி வணிக வரலாற்றை ஆராய்வோர் ஆவணங்களில் காணும் 'குறைந்த அளவு' என்னும் குறிப்பை நெசவாளரின் குறையாக மட்டும் கொள்ளாமல், அது எங்கு, எவரால், எந்நிலையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், நெசவாளரின் வறுமைக்குக் கூலி விகிதத்தோடு அளக்கும் முறையும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது ஆய்வுக்குரிய களமாக விரியும்.