கடலாடப் போன தோழிகள்

நற்றிணையின் 172-ஆவது பாட்டைப் பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு தோழி பேசுகிறாள். சிறுமிகளாக இருந்தபோது கூட்டமாக மணலில் விளையாடி, ஒரு புன்னை விதையைப் புதைத்துவிட்டு மறந்தார்கள். அது முளைத்துவிட்டது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். "இது உங்களுக்குத் தங்கை முறை" என்றாள் அம்மா. அதனால் இந்த மர நிழலில் நின்று உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்கிறாள் தோழி. வகுப்பில் இதைக் காதல் பாட்டாகத்தான் நடத்துவோம். நானும் பல வருஷம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடத்தினேன். எனக்கு அதில் பிடித்தது வேறு. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கடற்கரைக்கு அந்தப் பெண்கள் ஒருநாள் கூத்தாகப் போகவில்லை. ஒரு விதை மரமாகி நிழல் தரும் காலம் வரைக்கும் போய்வந்திருக்கிறார்கள்.

அங்கே என்னென்ன செய்தார்கள் என்பது நெய்தல் பாட்டுகள் முழுக்கக் கிடக்கிறது. மணலில் வீடு கட்டினார்கள், பாவை செய்தார்கள், அலையில் குதித்தார்கள், நண்டைத் துரத்தினார்கள். பூம்புகாரில் வெயில் தாழ்ந்ததும் முகத்துவாரத்துப் பக்கம் போனால் இந்தக் கடைசி விளையாட்டின் சுவை புரியும். வளைக்குள்ளிருந்து முதலில் இரண்டு கண்கள் மட்டும் மேலே வரும். அப்புறம் நண்டு வெளியே வந்து ஈரமணலை அள்ளிப் போடும். நாம் மூச்சை அடக்கி நிற்கும்வரை நிற்கும். கால் அசைந்ததும் பக்கவாட்டில் ஓடி மறைந்துவிடும். அறுபதைத் தாண்டிய நாங்களும் அதன் பின்னால் ஓடுகிறோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை இதே கரையைக் காட்டுகிறது. முழுநிலா நாளில் பரதவர் வேட்டைக்குப் போகாமல், தாழம்பூ சூடி, தழையாடை உடுத்த பெண்களோடு உண்டு ஆடுகிறார்கள். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் முதலில் கடலில் குளிக்கிறார்கள், பிறகு உப்புப் போக ஆற்றில் குளிக்கிறார்கள். என் அப்பாயி அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. ஆனால் ஆடி அமாவாசைக்கு எங்களைக் கூட்டிவந்தால், கடலில் முங்கி எழுந்த கையோடு, "காவேரில ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்கடி" என்பார்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது இதே ஊரின் பெருநகர வாழ்க்கை கண்முன் விரிகிறது. இந்திரவிழா இருபத்தெட்டு நாள். மாதவி பதினொரு வகை ஆடல் ஆடுகிறாள். விழா முடிந்த பின் அவள் வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலுமாகக் கடலாடப் போகிறார்கள். அவர்கள் போகும் வழியில் இளங்கோ விளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்: பூ விற்பவர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கு, வேற்று மொழி பேசும் வணிகர் விளக்கு. வெண்சிறுகடுகு விழுந்தாலும் மணலில் தெரியுமாம், அவ்வளவு வெளிச்சம். கடற்கரை என்றால் காலாற நடப்பதும் சூடாக எதையாவது வாங்கித் தின்பதும் என்ற பழக்கம் சுண்டலுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் மிக முந்தியது.

ஆட்டம் மேடைக்காரிக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. இரண்டு கையையும் மடக்கி விலாவில் அடித்து ஆடுவது துணங்கை. கைகோத்து வட்டமாக ஆடுவது குரவை. ஏழு பேரோ ஒன்பது பேரோ ஆடுவது என்று உரைகாரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தனியாக ஆட முடியாது, தோழிகள் வேண்டும். நம் கும்மியிலும் இந்தக் குணம் அப்படியே இருக்கிறது.

புகார் மங்கிய பிறகு கடலாடல் என்னவாயிற்று? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசத்தோடு மாசிக் கடலாட்டையும் வரிசையில் வைக்கிறது. விளையாட்டாக இருந்தது இப்போது சாமிக்குரிய விழா. இன்றும் மாசிமகத்தில் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவர்கள் அவரை மாப்பிள்ளை சாமி என்று கொண்டாடுகிறார்கள். பெண்கள் வாசலைத் தாண்டக் காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம் முழுக்க, "சாமி கடலுக்குப் போகுது" என்ற ஒரு காரணத்தை யாராலும் தட்ட முடியவில்லை. கடலாடல் பிழைத்து வந்தது சாமியின் துணையால்தான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு காரணம் காணும் பொங்கல். என் சிறுவயதில் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பூம்புகாருக்கு வருவார்கள். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, வாழையிலையில் கட்டிய தயிர்சோறு, கரும்புக் கழி. சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் சீட்டுக்கட்டை எடுப்பார்கள். பெரியம்மா ஒருவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அடி எடுத்துக் கொடுப்பார். வருஷம் முழுக்க அடுப்படியில் சத்தம் காட்டாதவர்கள் வட்டத்தில் சேர்ந்து உரக்கப் பாடுவார்கள். புதிதாகக் கல்யாணமாகிப் பிறந்த வீடு வந்தவளுக்கு நடுவில் இடம்.

1973-இல் இங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி எங்கள் கரையிலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு கடற்கரை பக்கம் போக வெகுகாலம் யாருக்கும் மனம் வரவில்லை. திரும்ப எங்களைக் கூட்டிவந்தது மீனவப் பெண்கள்தான். "கடல் எங்க வீடு, நாங்க எங்க போக முடியும்? நீங்களும் வாங்க" என்றார்கள். இப்போது கலைக்கூடத்திலிருந்து முகத்துவாரம் வரை மாலையில் நடக்கிறோம்: தையற்கடை வைத்திருக்கும் அக்கா, அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், மீன் விற்றுவிட்டுக் கூடையோடு சேர்ந்துகொள்பவள், நான். பௌர்ணமி என்றால் கும்மி உண்டு.

"வயசான காலத்துல பொம்பளைங்களுக்கு என்ன ஊர்சுற்றல்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது புதிதாக முளைத்த ஆசை என்று நினைக்கிறார்கள். தமிழில் எழுதிவைக்கப்பட்ட மிகப் பழைய பாட்டுகளிலேயே பெண்கள் தோழிகளோடு கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்களை அங்கே பார்த்து எந்தப் புலவரும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பழக்கம் தொடர வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு விழா மட்டும் போதாது. முகத்துவாரம் வரை எரியும் விளக்குகள் வேண்டும். பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை வேண்டும். இருட்டிய பிறகு வீடு திரும்ப ஒரு பேருந்து வேண்டும். கரையோரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஊர்ப் பெண்ணும் இதைத் தன் ஊராட்சியில் எழுந்து நின்று கேட்கலாம். நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், கிடைக்கும் வரை கேட்போம்.