இத்தாலி டூர்ல கூடுதலா ஒரு ஊரில் நைட் தங்கலாமா? போயிட்டு வந்துடலாமா? முடிவு பண்றது எப்படி?

ரோம், புளோரன்ஸ், வெனிஸ். இத்தாலிக்கு முதல் முறை போகிறவர்களின் பிளான் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களைச் சுற்றித்தான் இருக்கும். எல்லாம் முடிவான பிறகு வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "பக்கத்துலதானே பைசா கோபுரம் இருக்கு, அங்க ஒரு நைட் தங்கிட்டுப் போனா என்ன?"

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த ஒரு நைட் ஹோட்டல் பில்லை மட்டும் மாற்றாது. ரயில் டிக்கெட், மற்ற ஊர்களில் இருக்கும் நேரம், சில சமயம் விசா கணக்கு வரைக்கும் மாற்றிவிடும். அதனால் புக் பண்ணுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துடலாம்.

ஒரு நைட் சேர்த்தா உண்மையில் கிடைப்பது எவ்வளவு நேரம்?

ஒரு நைட் என்றால் ஒரு முழு நாள் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இத்தாலி ஹோட்டல்களில் பொதுவாக காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்யணும். அடுத்த ஊரில் புது அறை கிடைக்க மதியம் 2 அல்லது 3 மணி ஆகிடும். நடுவில் பெட்டி கட்டி, ஸ்டேஷன் போய், ரயில் பிடிக்கணும். மறுநாள் காலை திரும்பவும் அதே வேலை.

ஆக, கையில் மிஞ்சுவது ஒரு மாலையும் ஒரு காலையும்தான். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஊருக்கு அழகே அதன் மாலையும் அதிகாலையும்தானா? ஆமாம் என்றால் தங்கலாம். இல்லைன்னா பகலில் போயிட்டு வந்துடலாம்.

தங்கத் தேவையில்லாத ஊர்கள்

பைசா: புளோரன்ஸில் இருந்து ரயிலில் சுமார் 1 மணி நேரம். சாய்ந்த கோபுரம், பக்கத்திலேயே பேராலயம், புல்வெளி என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கோபுரத்தில் ஏற குறிப்பிட்ட நேரத்துக்கான டிக்கெட் வாங்கணும். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மேலே ஏற அனுமதி இல்லை. அரை நாள் போதும், புளோரன்ஸ் அறையைக் காலி செய்யவே வேண்டாம்.

போலோன்யா: புளோரன்ஸில் இருந்து வெனிஸ் போகும் அதிவேக ரயில் பாதையிலேயே இருக்கும் ஊர். புளோரன்ஸில் இருந்து 40 நிமிடத்துக்குள் வந்துடலாம். தூண்களோடு கூடிய நிழல் நடைபாதைகளுக்குப் பெயர் பெற்றது. மொத்த நீளம் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஸ்டேஷனில் பெட்டிகளைக் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டு, ஊர் சுற்றி, மதியச் சாப்பாடு முடித்து, மாலையில் வெனிஸ் ரயில் ஏறலாம். ஆனால் அதிவேக ரயில் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நடுவில் இறங்கி அடுத்த ரயிலில் ஏற முடியாது. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்குங்க.

தங்கினால்தான் லாபம்

வெனிஸ்: பலர் இதைத்தான் ஒரு பகலில் முடிக்கப் பார்க்கிறார்கள். பகலில் கூட்டம் நெரிக்கும் ஊர் இது. மாலையில் ஒருநாள் பயணிகள் கிளம்பிய பிறகுதான் கால்வாய்களும் சந்துகளும் அமைதியாகும். இன்னொரு விஷயமும் இருக்கு. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமான சில நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை நுழையும் ஒருநாள் பயணிகளிடம் கட்டணம் வாங்கப்படுகிறது. 2025-ல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் 10 யூரோ. அங்கே இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதில் ஹோட்டலில் சுற்றுலா வரி கட்டணும். உங்கள் தேதிக்குக் கட்டணம் உண்டா என்று முன்பே பார்த்துக்கோங்க.

சின்க்வே தெர்ரே: கடலோரப் பாறைகளில் அமைந்த ஐந்து சிற்றூர்கள். புளோரன்ஸில் இருந்து ஒரு வழிக்கே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் வருவதிலேயே பாதி நாள் போய்விடும். கடலோர மாலையும் வேணும்னா ஒரு நைட் தங்குவது நியாயம்தான்.

பாம்பேய் போனா?

ரோமில் இருந்து நேபிள்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 10 நிமிடம். அங்கிருந்து லோக்கல் ரயிலில் 40 நிமிடம் போல ஆகும். காலையில் சீக்கிரம் கிளம்பினால் பாம்பேய் பார்த்துவிட்டு இரவு ரோம் திரும்பிடலாம். கூடவே சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரையும் பார்க்கணும்னா ஒரே நாளில் முடியாது, தங்கித்தான் ஆகணும். பாம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பரில் உச்சவரம்பு வந்துவிட்டதால் டிக்கெட்டை முன்பே எடுத்துடுங்க.

நைட்டை எங்கிருந்து எடுக்கிறீங்க?

மொத்த நாட்கள் கூடவில்லை என்றால், சேர்க்கும் நைட் வேறொரு ஊரில் இருந்துதான் கழியும். புளோரன்ஸில் ஒரு நாளைக் குறைத்து, மிஞ்சுவது திங்கட்கிழமை என்றால் உஃபிஸி அருங்காட்சியகமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அகாடெமியாவும் மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. காலண்டரைப் பார்க்காமல் நைட்டை மாற்றாதீங்க.

விசா கணக்கு முக்கியம்

பயணத்தையே ஒரு நாள் நீட்டிக்கப் போறீங்களா? ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பது. மற்றொன்று, மொத்தம் எத்தனை நாட்கள் தங்கலாம் என்பது. தேதி பாக்கி இருந்தாலும் நாட்கள் முடிந்தால் கிளம்பியே ஆகணும். உள்ளே நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஒரு நாள் கூடினாலும் விதிமீறல்தான். அடுத்த விசாவுக்கும் அது சிக்கல் ஆகலாம்.

கடைசி நைட்டில் ரிஸ்க் வேண்டாம்

இத்தாலியில் ரயில் ஸ்டிரைக் அரிதான விஷயம் இல்லை. வெனிஸில் இருந்து ரோமுக்கு அதிவேக ரயிலிலேயே சுமார் 4 மணி நேரம் ஆகும். ஊருக்குத் திரும்பும் விமானம் ரோமில் இருந்து என்றால் கடைசி நைட்டும் ரோமில்தான் இருக்கணும். வெனிஸில் இருந்தே திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் இந்த அலைச்சலே இல்லை.

சுருக்கமா சொன்னா, மாலையும் காலையும் அழகான ஊரா, போய் வர 4 மணி நேரத்துக்கு மேல் ஆகுமா, மற்ற ஊர்களில் எதுவும் கெடாதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தைரியமா ஒரு நைட் சேருங்க. இல்லைன்னா பெட்டி ஹோட்டலிலேயே இருக்கட்டும், நீங்க மட்டும் போயிட்டு வாங்க.