பொது மனநலச் சேவையும் நிதிக் குறைப்பும் (தமிழ்நாடு)

இந்தியாவில் அரசுப் பணத்தில் மனநோய் மருத்துவம் தொடங்கிய முதல் இடங்களுள் சென்னை ஒன்று. 1794இல் வாலண்டைன் கனாலி என்ற மருத்துவர் இங்கே மனநோயாளர் விடுதி ஒன்றை நிறுவினார். கட்டடம் அவருடையது, வாடகை கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. பின்னர் அது டால்டன் என்ற மருத்துவரிடம் கைமாறி, அவர் பெயராலேயே நெடுங்காலம் அறியப்பட்டது. 1871 மே மாதம் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் அரசு அமைத்த காப்பகத்துக்கு 145 நோயாளிகள் மாற்றப்பட்டனர். அதையொட்டி விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் காப்பகங்கள் எழுந்தன. கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், 1978இல் மனநல நிலையம் என்றும் பெயர் மாறியது. 1961இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற சாரதா மேனன், நோயாளிகளின் மறுவாழ்வை மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கியவர்.

மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது விசாகப்பட்டினம் ஆந்திரத்துக்கும் கோழிக்கோடு கேரளத்துக்கும் போயின. தமிழ்நாட்டுக்கு மிஞ்சியது கீழ்ப்பாக்கம் ஒன்றே. விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்திலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைதான் அருகில் இருந்த பெரிய மருத்துவமனை. தென்மாவட்டங்களில் பலர் நோயாளியைக் குணசீலம் கோயிலிலோ ஏர்வாடி தர்காவிலோ கொண்டுபோய் விட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். மருத்துவத்தை எட்டாத் தூரத்தில் வைத்திருந்ததே இதற்கு மூலகாரணம். மக்களின் நம்பிக்கையைக் குறை சொல்வது பொருந்தாது.

இந்தத் தொலைவைக் குறைக்க வந்ததே மாவட்ட மனநலத் திட்டம். 1982இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய முன்மாதிரியைப் பின்பற்றி, 1996இல் மாவட்டத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளி இதில் சேர்ந்தது. மருத்துவரும் குழுவும் குறித்த நாளில் வட்ட மருத்துவமனைக்கு வந்து பார்ப்பார்கள், மாத்திரை இலவசம். முதல் ஐந்தாண்டுகளுக்கு மத்திய அரசின் பணம், அதன்பின் மாநிலத்தின் பொறுப்பு என்பது ஏற்பாடு. அந்த ஐந்தாண்டு முடிந்ததும் பல மாநிலங்களில் திட்டம் படுத்துவிட்டது.

தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 2018–19இல் 50 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே 40 கோடியாகக் குறைந்தது. செலவானது அதிலும் சிறு பகுதிதான். இந்தக் குறைப்புக்குச் சற்று முன்புதான், 2018 மே மாதம், அரசுச் செலவில் மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்கிய மனநலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

மனநலத்தில் நிதி வெட்டு சட்டென்று கண்ணில் படாது. கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகை இருக்கும்; உளவியலாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும், சமூகப் பணியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுப் போடும் ஊசி ஒருமுறை தவறினாலும் மனச்சிதைவு மீண்டும் தலைதூக்கக்கூடும். நூற்பாலைக் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறும் தாய்க்கு அந்தச் சுமை முழுதும் வந்து சேர்கிறது. செல்வ நாடுகளிலும் இதுவே நிலை. 2008 பொருளாதாரச் சரிவை அடுத்து அமெரிக்க மாநிலங்கள் மனநலச் செலவை வெட்டின. சிகாகோ மாநகரம் 2012இல் தன் பன்னிரண்டு மனநல மையங்களில் ஆறை மூடியது.

இப்போது விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் மாவட்டத் திட்டம் நடைபெறுகிறது; விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; அதே ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனை கிடைக்கிறது.