விழாத குண்டுகளின் வரலாறு: 1942ஆம் ஆண்டின் வான்தாக்குதல் அச்சமும் சென்னையின் மேற்குப் புறநகரும்

குண்டுவீச்சின் வரலாறு பெரும்பாலும் அழிவின் கணக்காகவே எழுதப்பட்டு வருகிறது. இறந்தோர் தொகை, இடிந்த கட்டடங்கள், எரிந்த பரப்பளவு ஆகியவற்றைக் கொண்டே லண்டனும் டிரெஸ்டனும் டோக்கியோவும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. இந்த அளவுகோலின்படி சென்னைக்கு அங்கு இடமில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் சில குண்டுகளை வீசிச் சென்றது. அம்மாதத்தில் நகரை உலுக்கிய கூவம் வெள்ளமே மக்கள் நினைவில் அதனைவிட ஆழமாகத் தங்கிவிட்டது. எனினும், விழாத குண்டும் ஒரு நகரத்தின் நிலவமைப்பை மாற்றவல்லது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளை முன்வைத்து இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைக்குக் கடல்வழிப் போர் 1942இல் புதிதன்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாளிரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்தை நோக்கிச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. நகரை விட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். கப்பலின் பெயர் தமிழில் ஒரு பொதுச்சொல்லாகவே நிலைபெற்றது. ‘அவன் பெரிய எம்டன்’ என்போரில் பலர் அக்கப்பலை அறியார். இங்குக் கருதத்தக்கது அச்சத்தின் எல்லையாகும். பீரங்கியின் வீச்சு சில கல் தொலைவே. ஆதலின் கடற்கரையை விட்டுச் சிறிது மேற்கே சென்றாலே ஒருவர் ஆபத்தைக் கடந்தவராவார். அண்மை என்பது ஆபத்து, தொலைவு என்பது காப்பு என்னும் எளிய கணக்கு அன்று பொருந்தியது.

இக்கணக்கைக் குண்டுவீச்சு விமானம் குலைத்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் தாக்கப்பட்டது. வானில் நடந்த சண்டையைத் தெருக்களில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்மீதும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த தமிழரும் தெலுங்கரும் ஊர்திரும்பத் தலைப்பட்டனர். கப்பல் கிடைத்தவர்கள் சென்னையில் வந்திறங்கினர். கிடைக்காதவர்கள் மலைவழியே நடந்தனர். வான்தாக்குதல் என்றால் என்ன என்பதைச் சென்னை மக்கள் அரசின் அறிவிப்புகளைக் காட்டிலும் இவ்வகதிகளின் வாய்மொழியாகவே கூடுதலாக அறிந்திருப்பர் எனக் கொள்ளலாம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, நாகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல்நாள் மாலையே அக்கடற்படையை, தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினா பறக்கும் படகு கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அடுத்த நாள் ரியூஜோ என்னும் சிறிய விமானம் தாங்கிக் கப்பலின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. தெற்கிலும் வடக்கிலும் துறைமுகங்கள் தாக்கப்பட்டிருக்க, இடையில் இருந்த சென்னை தன் முறைக்குக் காத்திருந்தது.

கொழும்புத் தாக்குதலில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சியொன்று உண்டு. துறைமுகத்திலிருந்து உள்ளே தள்ளி, நகரின் கிழக்குப் புறத்தில் அமைந்த அங்கொடை மனநல மருத்துவமனைமீதும் குண்டுகள் விழுந்தன. வேறு இலக்கென்று தவறாகக் கருதப்பட்டதே காரணம் என்பர். கடற்கரையை விட்டு விலகியிருத்தல் புறநகருக்குக் காப்பாகவில்லை. மேலிருந்து நோக்குபவனின் கண்ணுக்கு ஒரு கட்டடம் என்னவாகத் தோன்றியது என்பதே அதன் விதியை முடிவுசெய்தது.

ஜப்பானியக் கடற்படை நெருங்குகிறது என்ற செய்தியை நம்பி, சென்னை மாகாண அரசு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், இன்றியமையாப் பணிகளில் இல்லாதோர் நகரை விட்டு நீங்குமாறு அறிவித்தது. அரசு அலுவலகங்களின் பெரும்பகுதி உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டது. குண்டுவீச்சில் கூண்டுகள் உடையக்கூடும் என்றஞ்சி, உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. இவ்விலங்குகளின் கதையே பின்னர்ப் பலராலும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. பெட்டி படுக்கையுடன் இரயில் நிலையங்களில் காத்துக்கிடந்த மனிதர்களைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. ஊரில் வீடும் நிலமும் உடையவர் சென்றனர். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவருக்கு வெளியேறுதல் என்பது பட்டினியையும் குறித்தது. ‘இன்றியமையாதோர்’ என்ற சொல் பாதுகாப்பைப் பகிர்ந்தளித்த முறையைத் தனியே ஆராய இடமுண்டு.

செய்தி பிழையானது. நாகுமோவின் நோக்கம் பிரிட்டனின் கீழைக் கடற்படையை முடக்குவது. சென்னையில் படையிறக்கும் திட்டம் அவரிடம் இல்லை. திருகோணமலைக்குப் பின் அவர் மலாக்கா நீரிணை வழியே திரும்பினார். ஆனால் பிழையின் விளைவுகள் பிழையாகவில்லை. ஆள்வோர் முதலில் அகல்வதைக் கண்ட மக்களிடம் ஆட்சியின் வலிமை பற்றிய நம்பிக்கை தளர்ந்தது. ஏப்ரல் 23ஆம் நாள் இராஜாஜியின் முயற்சியால், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்குமாறு சென்னைச் சட்டமன்றக் காங்கிரசார் தீர்மானம் நிறைவேற்றினர். தேசிய அரசு ஒன்று உடனே அமைந்தாலன்றி நாட்டைக் காக்க இயலாது என்பது அவர்தம் வாதம். இத்தீர்மானத்தை இந்து - முஸ்லிம் அரசியலின் அத்தியாயமாக மட்டும் படிப்பது குறையுடைய வாசிப்பு என்பது என் கருத்து. ஆளரவம் குறைந்த சென்னையில், வானத்தை நோக்கிய அச்சத்தினிடையே அது பிறந்தது.

இனி மேற்குப் புறநகருக்கு வருவோம். கிழக்கே கடல் இருக்க, நகரிலிருந்து உள்நாடு செல்லும் முதன்மை வழிகளிற் சில மேற்கே அமைந்தவை: வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் அகல இரயில் பாதை, பூவிருந்தவல்லி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை. ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த இப்பகுதி, அஞ்சியோர் கடந்துசெல்லும் நிலமாகவே முதலில் அமைந்தது. சில மாதங்களில் நிலைமை மாறியது. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அம்பத்தூரை அடுத்த செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்களுக்குத் தளமாயிற்று. கொழும்புக்கு முன்னறிவிப்புத் தந்த அதே வகைப் பறக்கும் படகுகள், நகரத்தின் குடிநீர் ஏரியிலிருந்து எழுந்து வங்கக்கடலில் சுற்றுக்காவல் புரிந்தன. அருகில் சோழவரத்தில் ஓடுதளம் அமைந்தது. போருக்குப் பின் அது கார் பந்தயத்தால் பெயர் பெற்றது.

நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள ஆவடியில், போரின் பிற்பகுதியில் தென்கிழக்காசியப் படைநடவடிக்கைகளுக்கான பெரும் சேமத்தளம் உருவாயிற்று. இத்தளம் அச்சத்தின் நேரடி விளைவன்று, எதிர்த்தாக்குதலுக்காக எழுந்தது. எனினும் இடத்தேர்வில் 1942இன் பாடம் தெரிகிறது என்றே கருதுகிறேன். துறைமுகத்துக்கு இரயிலால் இணைந்திருக்க வேண்டும். ஆனால் துறைமுகத்தின்மேல் விழும் குண்டு பண்டகசாலையையும் சேர்த்து அழிக்கலாகாது. கப்பலிலிருந்து எழும் விமானத்துக்கு 20 கி.மீ. ஒரு தொலைவே அன்று. சிதறியிருத்தல் மட்டுமே காப்பு. அதே வேளையில், இரயில் கிளைப்பாதைகளும் கிடங்கு வரிசைகளும் பெருகப் பெருக, வயலாக இருந்தவரை எவரும் குறிவைத்திராத ஆவடி மேலிருந்து நோக்குவோர்க்குத் தக்க இலக்காயிற்று. பகைவிமானங்கள் வராமையால் இந்த முரண் சோதிக்கப்படாமலே போயிற்று.

தளத்துக்கான நிலம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் போர்த்தேவைக்கென நிலங்களை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கின. போர் முடிந்ததும் அந்நிலங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள 1947இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. படைகள் கலைந்தன, படைநிலம் என்ற வகைப்பாடு கலையவில்லை. 1955இல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடிச் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியதைப் பாடநூல்கள் கூறும். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்ததையும் கூறும். அவ்விரண்டுக்கும் முன்பே ஊரின் முகத்தை மாற்றிய போர்க்காலத் தளத்தைப் பற்றி அவை பேசுவதில்லை. எம்டன் சுட்டதற்கு உயர்நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு உண்டு. வராத விமானங்களின் தடயத்தைக் கல்லில் தேடுவதைவிட, ஆவடி வட்டாரக் கிராமங்களின் நிலப்பதிவேடுகளில் தேடுவதே பயன்தரும்.